பெயர் அறியாப் பூவும் நீதியும்

மனிதன் தான் அறிந்தவற்றை எவ்வாறு நடத்துகிறான் என்பதைக் காட்டிலும், அறியாதவற்றை எவ்வாறு நடத்துகிறான் என்பதே அவனுடைய நேர்மைக்கு உரைகல்லாகும். பழகியவரிடம் பரிவு காட்டல் எளிது. பெயரும் ஊரும் தெரியாத ஒன்று நம் வாசலில் வந்து நிற்கும்போதுதான் நம் அறிவும் நீதியும் ஒருங்கே சோதிக்கப்படுகின்றன. அந்த ஒன்று மனிதராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு சிறு பூவாகவும் இருக்கலாம்.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்தில் வாழ்வோர் இதை எளிதில் உணர்வர். ஒரு காலத்தில் ஏரிப்பாசன வயல்களாக இருந்த நிலம் இது. 1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் எழுந்தன. வயல்கள் மனைகளாயின, மனைகள் வீடுகளாயின. ஆயினும், ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்ததும், சிமெண்டுத் தரையின் வெடிப்பிலும் மதில் ஓரத்திலும், எவரும் விதைக்காத செடிகள் தலைதூக்கிப் பூக்கின்றன. “இது என்ன பூ?” என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். “ஏதோ களை, பிடுங்கி எறி” என்பதே பெரியோர் பலரின் விடையாக இருக்கிறது.

இச்சிறு விடையை நாம் சற்றே ஆராய்வோம். ‘ஏதோ’ என்பது அறியாமையின் ஒப்புதல்; ‘களை’ என்பது தீர்ப்பு; ‘பிடுங்கி எறி’ என்பது தண்டனை. சாட்சியை விசாரியாமல், குற்றவாளியின் பெயரையும் கேளாமல் தண்டனை விதிக்கும் காழியை நாம் ஏற்போமா? ஆயின், முற்றத்தில் மட்டும் ஏன் அவ்வாறு செய்கிறோம்?

விசாரணை கடினமானதன்று. நம் வீட்டு முற்றத்தில் கண்ட ஒரு செடியையே எடுத்துக்கொள்வோம். தண்டு தரையோடு படர்ந்து கிடக்கிறது. அதிலிருந்து ஒரு சாண் உயரத்திற்கு இலையில்லாத மெல்லிய காம்பு நிமிர்ந்து நிற்கிறது. அதன் நுனியில் ஒரே ஒரு பூ. நடுவே மஞ்சள் வட்டம். சுற்றிலும் பெரும்பாலும் ஐந்து வெளிர் இதழ்கள். ஒவ்வோர் இதழின் நுனியிலும் மூன்று பற்கள். இலைகள் எதிரெதிரே அமைந்து, ஓரம் அரம்போல் வெட்டுண்டு, சொரசொரவென்று இருக்கின்றன. முற்றிய விதைக்குப் பஞ்சுபோன்ற இறகு முளைத்திருக்கிறது. இத்தனை சாட்சிகளும் ஒத்துரைத்தால் அது வெட்டுக்காயப்பூண்டு. கிணற்றடிப்பூண்டு, மூக்குத்திப்பூ, தாத்தாப்பூ என்பனவும் அதன் பெயர்களே. நூலோர் அதனை டிரைடாக்ஸ் புரோகம்பென்ஸ் என்பர். பின்சொல்லுக்குத் ‘தரையில் கிடப்பது’ என்று பொருள். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753-இல் இட்ட பெயர் அது.

கூர்ந்து நோக்கினால் இன்னொரு விந்தையும் புலப்படும். நாம் ஒரு பூ என்று எண்ணியது ஒரு பூ அன்று. அந்த மஞ்சள் வட்டம் முழுவதும் தனித்தனிச் சிறு பூக்கள். இதழ் எனக் கண்டவையும் தனிப்பூக்களே. ஒரு காம்பின்மேல் ஒரு ஜமாஅத்தே கூடியிருக்கிறது! ‘ஏதோ’ என்று கடந்து சென்றவருக்கு இது தெரிந்திருக்குமா?

ஆதிபிதா ஆதம் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் எல்லாப் பெயர்களையும் கற்பித்தான் என்று திருமறையின் அல்பகரா அத்தியாயம் அறிவிக்கிறது. அப்பெயர்களைச் சொல்லுமாறு வினவப்பட்ட மலக்குகள், தங்களுக்குக் கற்பிக்கப்பட்டதன்றி வேறு அறிவு தங்களுக்கு இல்லை என்று பணிந்தனர். இவ்வரலாற்றில் நமக்கு இரு பாடங்கள் உள. பெயரறிவு மனிதனுக்கு வழங்கப்பட்ட சிறப்பு என்பது ஒன்று. அறியாததை அறியேன் என்பது மலக்குகளின் ஒழுக்கம் என்பது மற்றொன்று.

முன்னோர் இவ்விரண்டையும் பேணினர். ஸ்பெயினின் மாலகா நகரில் பிறந்து, 1248-இல் திமிஷ்கில் மறைந்த இப்னுல் பைத்தார், பல நாடுகளில் அலைந்து மூலிகைகளை நேரில் ஆராய்ந்தார். ஏறத்தாழ 1400 மருந்துப் பொருள்களை எழுத்து வரிசையில் தொகுத்தார். நம் மாநிலத்திலும், கேம்பிள் தொடங்கிய சென்னை மாகாணத் தாவர நூல் 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. அவர் மறைந்தபின் ஃபிஷர் அதனை முடித்தார். திருச்சி ராபினட் உலர்தாவரகத்தின் மத்தேயு பாதிரியார் 1980களில் தமிழகக் கர்நாடகப் பகுதியின் தாவரங்களைத் தொகுத்தளித்தார். ஒரு புல்லின் பெயரைச் சரியாக எழுத இவர்கள் ஆயுளையே செலவிட்டனர்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்போருக்குப் பெல்ஜியம் நாடு விடை கூறும். 1990களின் தொடக்கத்தில் அங்கே உடல் இளைக்கும் மருந்து உண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் பழுதாயிற்று. சேர்க்க வேண்டிய சீன மூலிகைக்குப் பதிலாக, ஏறக்குறைய அதே பெயருடைய வேறொரு நச்சு மூலிகை கலந்துவிட்டிருந்தது. பாதிக்கப்பட்டோர் 100 பேருக்கும் அதிகம். அவருள் சிலருக்குப் பின்னாளில் புற்றுநோயும் கண்டது. அந்த நச்சு மூலிகையின் இனத்தைச் சேர்ந்ததே நம் ஊர்ப்புறத்து ஆடுதின்னாப்பாளை. ஆகவே, பெயர் ஓர் அமானிதம். ஐயத்தோடு ஒரு செடிக்குப் பெயர் சூட்டிப் பிறருக்கு மருந்தென்று தருவது அறியாமை மட்டுமன்று, பாவமும் ஆகும்.

இன்று கைப்பேசியைப் பூவின்முன் நீட்டினால் நொடியில் பெயர் வருகிறது. அதை நாம் வெறுக்கவில்லை. ஆனால் அது தருவது ஊகமே, தீர்ப்பன்று. இலையையும் காம்பையும் விதையையும் கண்ணால் சரிபார்த்த பின்னரே ஊகம் அறிவாகும். பெயர் கிடைத்தவுடன் பார்வையை விலக்கிக்கொள்ளும் பிள்ளை, பெயரைப் பெற்றுப் பூவை இழந்தவனாவான்.

அறிந்தபின் எல்லாச் செடியையும் வளரவிட வேண்டுமா என்று சிலர் வினவலாம். வேண்டியதில்லை. வெட்டுக்காயப்பூண்டு அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. பார்த்தீனியமும் அங்கிருந்தே வந்தது. இரண்டும் சூரியகாந்திக் குடும்பத்தவை. ஆயினும், பார்த்தீனியம் தோலில் அரிப்பையும் மூச்சுத் திணறலையும் உண்டாக்குகிறது. அதைக் கையுறை அணிந்து, பூக்குமுன்பே அகற்றுவது அயலாருக்குச் செய்யும் நன்மை. மற்றதோ முற்றத்து ஓரத்தில் வண்ணத்துப்பூச்சிக்குத் தேன் தந்து நிற்கிறது. அதுவும் விளைநிலத்தில் புகுந்தால் களையே. அமெரிக்க ஐக்கிய நாட்டரசு அதனைத் தீங்குக் களைகளின் பட்டியலில் சேர்த்துள்ளது. ஆகவே, பிறந்த ஊரை வைத்தும் குடும்பத்தை வைத்தும் எதையும் வெறுப்பதற்கில்லை, நேசிப்பதற்கும் இல்லை. அது நிற்கும் இடமும் செய்யும் செயலுமே தீர்ப்புக்கு ஆதாரம். கடல்கடந்து வந்த பூண்டைத் தாத்தா என்று உறவுமுறை சொல்லி அழைத்த நம் சிற்றூர்ப் பிள்ளைகள், இந்த நீதியைப் பெரியோருக்கு முன்பே அறிந்திருந்தனர் போலும்!

அன்புடையீர்! பூவுக்குக் காட்டத் தவறும் நீதியை மனிதருக்கு மட்டும் நாம் காட்டிவிடுவோம் என்று நம்புவதற்கில்லை. புதிதாகக் குடிவந்த அண்டை வீட்டாரையும், வேறு மொழி பேசி வேலை தேடி வந்தோரையும் ‘ஏதோ ஆட்கள்’ என்று ஒதுக்கும் நாவும், பூவைக் களை என்ற நாவும் ஒன்றே. நம் பிள்ளைகள் ‘இது என்ன?’ என்று கேட்கும்போது, அறிந்தால் சொல்வோம், அறியாவிடில் “அறியேன், வா, பார்ப்போம்” என்போம். அந்த ஒரு சொல் அவர்களுக்கு அறிவையும் தரும், அடக்கத்தையும் தரும், நீதியையும் தரும்.