விரலுக்கு முந்தும் காது

விஜயதசமியன்று தொடங்கியிருக்க வேண்டும். அன்று பார்த்து ஊருக்குப் போக வேண்டி வந்தது. அதனால் 52 வயதில், ஒரு சாதாரணப் புதன்கிழமை மாலை, டீச்சர் வீட்டுக் கூடத்தில் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். வயலினின் சுருள் தலை வலது கணுக்காலில், மறுமுனை இடது மார்பில். முழங்கால் வலியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. டீச்சருக்கு என் மகள் வயது. அவர் என்னை ‘சார்’ என்கிறார், நான் அவரை ‘டீச்சர்’ என்கிறேன்.

*

முதல் ஐந்து வாரம் விரலுக்கு வேலையே இல்லை. வெறும் தந்தியில் வில் இழுப்பதுதான் பாடம். ச, ப, ச, ப. நான்கு தந்திக்கும் சேர்த்து இரண்டே சுரம். வில்லின் அடியிலிருந்து நுனிவரை நாதம் ஒரே பருமனில் வர வேண்டும். எனக்குப் பாதி வழியில் கரகரத்தது.

“அழுத்தாதீங்க சார். வில்லோட எடையே போதும்.”

28 வருஷம் வங்கியில் முத்திரை குத்திய கை. அழுத்தாமல் இருக்க அதற்குப் பழக்கமில்லை.

*

சரளி வரிசை ஏன் மாயாமாளவகௌளையில் இருக்கிறது என்று இத்தனை வருஷம் கச்சேரி கேட்டும் யோசித்ததில்லை. தந்தியில் விரல் வைத்த பிறகுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. வெறும் தந்தி ச. ஆள்காட்டி விரல் அதை ஒட்டினாற்போல் ரி. நடுவிரல் நன்றாக எட்டிப்போய் க. மோதிர விரல் அதை இடித்துக்கொண்டு ம. அடுத்த தந்திக்குப் போனால் ப, த, நி, மேல் ச; அதே விரல்கள், அதே இடைவெளி. வயலினுக்கென்றே செய்தது போல இருக்கிறது. இந்த வரிசைகளை வகுத்தவர் புரந்தரதாசர் என்பார்கள். அவர் காலத்தில் இங்கே வயலினே கிடையாது.

*

வீணைக்கும் மாண்டலினுக்கும் மெட்டு உண்டு, விரலுக்கு ஒரு பிடிமானம். இங்கே வழவழவென்று கருங்காலிப் பலகை. டீச்சர் மெல்லிய வெள்ளை டேப் ஒட்டிக் கொடுத்திருந்தார். மூன்றாம் மாதம் கேட்காமலே உரித்துவிட்டார். “கண்ணால வாசிக்கிறீங்க.”

பசை கொஞ்சம் மிச்சமிருந்தது. விரல் பிசுபிசுத்த இடம் ரி என்று கண்டுகொண்டேன். இரண்டு வகுப்பு அப்படியே ஓட்டினேன். மூன்றாவது வகுப்பில் டீச்சர் ஈரத்துணியோடு வந்தார்.

*

எனக்கு அடுத்த வகுப்பு எட்டு வயதுச் சிறுமிக்கு. தப்பாக வாசித்தால் சிரித்துவிட்டு மேலே போகிறாள். என்னால் முடியவில்லை. லால்குடி ஜெயராமனையும் எம்.எஸ். கோபாலகிருஷ்ணனையும் கேட்டுக் கேட்டுப் பழகிய காது இது. ரி ஒரு இழை ஏறினாலும் உறுத்துகிறது. அந்த இழையை இறக்க விரலுக்குத் தெரியவில்லை. டீச்சரிடம் புலம்பினேன்.

“பாப்பாவுக்கு நான் சொல்லணும். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.”

பாராட்டா, குட்டா? இன்னும் விளங்கவில்லை.

*

முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதை நம் இசைக்குக் கொண்டுவந்தவர். அவருக்கும் நம் சங்கீதம் காதில் ஊறிய பிறகே இந்த வாத்தியம் கைக்கு வந்தது. ஆனால் அவருடைய ஆசிரியருக்கு அந்தச் சங்கீதம் தெரியாது. ரி எங்கே என்று அவருக்கு யார் காட்டியிருப்பார்கள்? விரலைக் காதிடம்தான் அனுப்பியிருக்க வேண்டும். வில்லுக்கு ரோசின் தேய்க்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

*

நான்கு நாளாக மழை. பிருடை இறுகித் திருக மறுக்கிறது. சுருதி சேர்க்கவே கால்மணி நேரம் போயிற்று. பிறகு சரளி வரிசை, முதல் காலம். எண்ணிக்கொண்டே வாசித்தேன்: 16 முறை. ரி சேர்ந்தது நான்கு முறை.