இன்னும் இறங்குமா?

2025-இல் எங்கள் வீட்டுக் காலண்டரில் அமாவாசை, கிருத்திகைக்குப் பக்கத்திலேயே ரிசர்வ் வங்கி கூடும் நாட்களும் வட்டம் போடப்பட்டிருந்தன. போட்டவள் மகள். புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் ஒரு ஃபிளாட் பார்த்து வைத்திருந்தாள். 40 லட்சம் வீட்டுக்கடன் வேண்டும். பிப்ரவரியில், வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் ரெப்போ வட்டி 6.50-இலிருந்து 6.25 ஆயிற்று. ஏப்ரலில் 6. ஜூனில் ஒரேயடியாக அரை சதவீதம் குறைந்து 5.50. ஒவ்வொரு தடவையும் அவள் சொன்னது, "இன்னும் இறங்கும்ப்பா, அவசரப்படாதீங்க."

அதே செய்தியைக் கேட்டு எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. ஓய்வுபெற்றவனுக்குக் கடன் இல்லை, டெபாசிட் உண்டு. எஃப்.டி. வட்டி கண்ணெதிரே தேய்ந்துகொண்டிருந்தது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீதம், கணக்கு தொடங்கும் நாளில் உள்ள வட்டி ஐந்து ஆண்டுக்கும் மாறாது. தபால் நிலையத்துக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்தேன். அந்த 8.2 வருஷக் கடைசி வரை இறங்கவேயில்லை, ஓடினது வீண் என்கிறாள் மகள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காலாண்டுக்கு ஒருமுறை அரசு அறிவிப்பைத் தேடிப் படிக்கும் வேலை மிச்சம், அது சும்மா கிடைக்குமா?

அவளுடைய காத்திருப்புதான் எனக்குப் புரியவில்லை. நம் நாட்டில் வீட்டுக்கடன் பெரும்பாலும் மாறும் வட்டிதான். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் ரெப்போ போன்ற ஒரு வெளி அளவுகோலோடு கட்டப்பட்டிருக்கின்றன; மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டியைத் திருத்தியாக வேண்டும். இன்றைக்குக் கையெழுத்துப் போட்டாலும் நாளைய இறக்கம் வீடு தேடி வரும். சட்டென்று மாறாதது, ரெப்போவுக்கு மேல் வங்கி வைக்கும் கூடுதல் விகிதம். பேரம் பேச வேண்டிய இடம் அதுதான். அதை யாரும் காலண்டரில் குறிப்பதில்லை. இதற்கிடையில் அவள் குடியிருந்த முத்தியால்பேட்டை வீட்டுக்கு மாதா மாதம் வாடகை போய்க்கொண்டிருந்தது. பில்டரோ ரெப்போ குறைந்ததென்று சதுரஅடி விலையைக் குறைக்கிறவர் அல்ல.

பாரிஸ் புறநகரில் இருக்கும் என் தங்கை மகனுக்கு இந்தக் கதை விளங்காது. அங்கே இருபது, இருபத்தைந்து வருஷத்துக்கு மாறா வட்டிதான் வழக்கம். அவன் 2021-இல் ஒன்றேகால் சதவீதத்தில் வாங்கினான். 2023 முடிவில் அதே மாதிரிப் புதுக் கடனுக்கு வட்டி நாலு சதவீதத்தைத் தொட்டது. சாமர்த்தியமெல்லாம் ஒன்றுமில்லை; கல்யாணமான வருஷம் அது, வீடு தேவைப்பட்டது. இப்போது இரண்டு பிள்ளைகளோடு அந்தச் சின்ன வீட்டிலேயே நெருக்கியடித்துக்கொண்டிருக்கிறான். "இதை விட்டா புதுக் கடன் புது வட்டியில தான் மாமா," என்கிறான். வட்டியைக் கட்டிப்போட்டவனை வட்டி கட்டிப்போட்டிருக்கிறது.

ஒரு கையெழுத்து காலத்துக்கும் ஆளைக் கட்டிப்போடுவது புதுச்சேரிக்குப் பழகினதுதான்; அதுவும் கெடு வைத்த கையெழுத்து. 1962 ஆகஸ்ட் 16-இல் பிரான்சுடனான ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்று எழுதிக் கொடுக்க இங்கே பிறந்தவர்களுக்கு ஆறு மாதம் தரப்பட்டது. அண்ணன் எழுதிக் கொடுத்து, தம்பி கொடுக்காமல் விட்ட வீடுகள் உண்டு. கொடுக்காதவர்களின் பேரப்பிள்ளைகள் கல்யாண வீடுகளில் இன்னமும் கணக்குப் போடுகிறார்கள்: தாத்தா அன்றைக்குப் போட்டிருந்தால் இன்றைக்கு யூரோ பென்ஷன். எனக்கு இதைக் கேட்டால் எரிச்சல்தான் வரும். அந்தத் தாத்தாவுக்கு அன்று தெரிந்ததெல்லாம் நிலம், வேலை, தாயாரின் உடம்பு. யூரோ என்ற காசே அப்போது இல்லை.

வட்டியின் அடிமட்டமும் அப்படித்தான், தாண்டிய பிறகே தெரியும். 2020 மே மாதம் ரெப்போ 4 சதவீதமானது. இரண்டு வருஷம் அங்கேயே நின்றது. அதுதான் அடி என்று நம்பி வாங்கியவர்கள் நினைத்தது சரியே. ஆனால் 2022 மே தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் அது 6.50-க்கு ஏறிவிட்டது. அந்த அடிமட்டத்தில் 6.75 சதவீதத்துக்கு வாங்கிய வீட்டுக்கடன் என்றால், 40 லட்சத்துக்கு இருபது வருஷத் தவணை ஏறக்குறைய 30,415 ரூபாய். அதே இரண்டரை ஏறி வட்டி 9.25 ஆனால் 40 லட்சத்துக்கு மாத வட்டி மட்டுமே 30,833. தவணை வட்டிக்கே பற்றாது. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தலையிட்டு, தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன்காரரைக் கேட்கச் சொன்னது. மாறா வட்டிக்குப் போகவும் வழி வைக்கச் சொன்னது. மிகக் குறைந்த வட்டியில் வாங்கியவர்களே அதிகம் திண்டாடினார்கள் என்பது எனக்கு விசித்திரமாகப் படவில்லை. குறைந்த வட்டியைப் பார்த்து, தாங்கக்கூடியதைவிடப் பெரிய வீடாகப் பார்த்திருப்பார்கள்.

மகளிடம் நான் கேட்டது இதைத்தான்: இன்னும் இரண்டரை ஏறினால் கட்ட முடியுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, பள்ளிக் கட்டணம், வண்டித் தவணை, நகைச்சீட்டு எல்லாம் எழுதிப் பார்த்தாள். சீட்டை நிறுத்தினால் முடியும் என்றாள். செப்டம்பரில் 7.75 சதவீதத்துக்குக் கையெழுத்துப் போட்டாள்.

டிசம்பர் 5-இல் ரெப்போ 5.25 ஆனது. "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல?" என்றாள். வங்கி கேட்டது: தவணையில் மாதம் 614 ரூபாய் குறைக்கவா, கடைசியில் பத்து மாதத்தை வெட்டவா? அவள் வீட்டுக்காரருக்கு 614 ரூபாய் மேல் ஆசை, பெட்ரோலுக்கு ஆகுமாம். அதைப் பற்றி இருவரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் வாய் திறக்கவில்லை; கேட்டால், பத்து மாதம் என்பேன்.