பிக்கப்

சீயமங்கலத்தில் மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது அப்பாவின் அம்பாசடர் இழுக்காமல் திணற ஆரம்பித்தது. 1489 சிசி பழைய பெட்ரோல் எஞ்சின். உருட்டிக்கொண்டே செஞ்சி வந்து, வயதான ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். பாயிண்ட் தேய்ந்து, டைமிங் பின்தங்கியிருந்தது.

பெட்ரோல் கலவை ஒரே நொடியில் வெடித்துவிடுவதில்லை, பரவி எரிகிறது. அதற்கு நேரம் வேண்டும். 3000 ஆர்பிஎம்மில் ஒரு மில்லிசெகண்டுக்குள் கிராங்க் 18 டிகிரி சுற்றிவிடும். அதனால் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே பொறி விழ வேண்டும். அந்தச் 'சற்று' எவ்வளவு என்பதை, டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் துளித்துளியாகத் திருப்பி வைக்கிறார்கள்.

"கொஞ்சம் அட்வான்ஸாவே வைங்கண்ணே, பிக்கப் நல்லா இருக்கட்டும்" என்றேன். எஞ்சினியரிங் படித்த திமிர்.

மறுபேச்சில்லாமல் வைத்தார். ஓட்டினேன், வண்டி பறந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், ஒரு ஏற்றத்தில், "கியர் மாத்தாதீங்க தம்பி, டாப்லயே ஏத்துங்க" என்றார். டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம். நாக்கிங்.

"உங்களுக்கு நல்லாருக்கு. அதுக்கு நல்லா இல்ல."

திரும்பி வந்து டைமிங்கைக் கொஞ்சம் பின்னால் இழுத்து வைத்தார்.

கார் என்னுடையது, கேட்டதும் நான். கேட்டதைச் செய்துகொடுப்பதுதானே தொழில் என்று வாதாடலாம். ஆனால் நான் கேட்டது பிக்கப்பை, பிஸ்டனில் ஓட்டையை அல்ல. அவர் சும்மா விட்டிருந்தால் நான் சந்தோஷமாகக் காசு கொடுத்துவிட்டு சென்னைக்கு வந்திருப்பேன். கேடு தெரிய மாதக்கணக்கில் ஆகும். அவர்மேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

பிளேட்டோ ஒரு மோதிரத்தைப் பற்றி எழுதுகிறார். போட்டுக்கொண்டவன் யார் கண்ணுக்கும் தெரியமாட்டான். அப்போதும் அவன் நேர்மையாக இருப்பானா என்பது கேள்வி. எனக்கு அந்த மோதிரம் கொஞ்சம் சுலபமான கேள்வியாகப் படுகிறது. அதில் திருடுபவன்தான் மறைந்திருக்கிறான், திருட்டு மறையவில்லை. பறிகொடுத்தவன் கத்துவான். இங்கே ஆள் கண்ணெதிரே நிற்கிறார், சேதம்தான் மறைந்திருக்கிறது. ஏமாந்தவன் நன்றி வேறு சொல்லிவிட்டுப் போவான்.

இதை நான் செய்திருக்கிறேன். ஒரு டெமோவுக்கு முந்தின ராத்திரி, ஸ்க்ரீன் வேகமாக வரட்டும் என்று, உள்ளே வரும் தரவைச் சரிபார்க்கும் ஒரு வரியை கமெண்ட் செய்தேன். தற்காலிகம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கைதட்டினார்கள். அடுத்த மாதமே வேறு டீமுக்குப் போய்விட்டேன்.

செஞ்சியிலிருந்து வந்த மறுநாள் பழைய டீம் நண்பனுக்கு போன் செய்து, அந்த வரியைத் திரும்பப் போட்டாயிற்றா என்று கேட்டேன்.

"எந்த வரிடா?" என்றான்.