சிட்சை

தமிழ் வேதாகமத்தில் எபிரெயர் நிருபத்தின் பன்னிரண்டாம் அதிகாரம் சிட்சை என்ற சொல்லைச் சுற்றியே நகர்கிறது. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்குப் பிரம்பு என்று பொருள். கிரேக்க மூலத்தில் இருப்பது 'பைதேயா' - பிள்ளையை வளர்த்தெடுத்தல். சிட்சையும் 'சிக்ஷா' என்ற வடசொல் வழி வந்ததுதான். அதற்கும் போதனை என்பதே முதற்பொருள். போதனை காலப்போக்கில் தண்டனையாகக் கனத்துப்போனது தற்செயல் அல்ல. திருத்துகிறவன் கையில் பெரும்பாலும் ஏதோ ஓர் அதிகாரம் இருக்கிறது. அப்படியானால் சிட்சையை ஏற்பது விசுவாசமா, பயமா?

திருச்சபை இதற்குப் பெருமையோடு காட்டும் உதாரணம் ரோமப் பேரரசன் தியோடோசியஸ். கி.பி. 390இல் தெசலோனிக்கா நகரில் ஒரு படைத்தலைவனை ஜனங்கள் கொன்றார்கள். அதற்குப் பழியாகப் படைவீரர்கள் நகரத்தாரைக் குற்றவாளி, நிரபராதி என்று பாராமல் வெட்டிச் சாய்த்தார்கள். மிலான் நகரின் பிஷப் அம்புரோஸ் பேரரசனுக்கு ஒரு கடிதம் எழுதினார்: நீ மனம் வருந்தாதவரை உன் முன்னிலையில் என்னால் பலி செலுத்த இயலாது என்பது அதன் சாரம். (கோவில் வாசலில் மறித்து நிறுத்தினார் என்பது பிற்காலத்தார் சேர்த்த நாடகம்.) பேரரசன் அரச அணிகளைக் களைந்து, சபையார் முன் அழுது பிராயச்சித்தம் செய்தான்.

நானும் இந்தக் காட்சியை வெகுநாள் சிலாகித்து வந்தவன். அதைக் குலைத்தது, அதற்கு இரண்டாண்டு முந்தைய வேறொரு சம்பவம். 388இல் காலினிகம் என்ற ஊரில் - இன்றைய சிரியாவின் ரக்கா - கிறிஸ்தவர்கள் யூதர்களின் ஜெப ஆலயத்தை எரித்தார்கள். அவ்வூர் பிஷப்பே தன் செலவில் அதைத் திரும்பக் கட்டித்தர வேண்டும் என்று தியோடோசியஸ் உத்தரவிட்டான். நியாயமான உத்தரவு. அம்புரோஸ் அதை எதிர்த்துக் கடிதம் எழுதினார். பிறகு ஆலயத்தில் நேருக்கு நேர் நின்று, வாக்குறுதி கிடைக்காமல் பலி செலுத்தமாட்டேன் என்றார். பேரரசன் பணிந்தான். ஜெப ஆலயத்தை எரித்தவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை.

அதே பிஷப், அதே பேரரசன், அதே பணிவு. ஒன்று மனச்சாட்சியின் வெற்றி, மற்றது அநீதி. ஆக, பணிவைப் பணிவு என்பதற்காகவே புண்ணியக் கணக்கில் எழுதமுடியாது. திருத்தம் யாருக்காகப் பேசுகிறது என்று கேட்கவேண்டியிருக்கிறது. 390இல் அம்புரோஸ் பேசியது இறந்தவர்களுக்காக. 388இல் தன் கூட்டத்தாருக்காக. இன்னொன்றும் உண்டு. தியோடோசியஸ் இரண்டு முறையும் செவிகொடுத்தது ஒரு பிஷப்புக்கு. காலினிகத்து யூதன் ஒருவன் வந்து அவனைத் திருத்தியிருக்க முடியுமா? அவன் சொல்லுக்கு அந்தச் சபையில் இடமே இல்லை.

இடம் இல்லாதவள் ஒருத்தியின் சொல் மாற்கு சுவிசேஷத்தின் ஏழாம் அதிகாரத்தில் இருக்கிறது. மகளுக்காக மன்றாடி வந்த கிரேக்கப் பெண்ணை இயேசு முதலில் மறுக்கிறார். பிள்ளைகளின் அப்பம் நாய்களுக்கு இல்லை என்கிற கடுமையான மறுப்பு. அவள் அந்த உவமையையே பற்றிக்கொண்டு பதில் சொல்கிறாள். அந்தச் சொல்லுக்காகவே அவள் கேட்டது கிடைக்கிறது. அவளுடைய விசுவாசத்தைச் சோதித்தார் என்று பிரசங்கங்களில் சமாதானம் சொல்வார்கள். எனக்கு அந்தச் சமாதானம் தேவைப்படவில்லை. குரு, அந்நியப் பெண் ஒருத்தியின் சொல்லால் தன் முதல் வார்த்தையை மாற்றிக்கொள்கிறார் என்றே வாசிக்கிறேன். சிட்சையை ஏற்றலின் உச்சம் இதுதான்.

நான் என்ன செய்தேன்? சில ஆண்டுகளுக்கு முன் என் கட்டுரை ஒன்றின் பிழையை மூத்த விமர்சகர் ஒருவர் சுட்டிக்காட்டினார். அடுத்த இதழிலேயே நன்றியோடு ஒப்புக்கொண்டேன். அந்தப் பணிவில் எனக்கு லாபம் இருந்தது. அவர் என்னைப் பொருட்படுத்தினார் என்பதை நாலு பேர் அறிந்தார்கள். அதே சமயம், ஓர் இளம் கவிஞரின் முதல் தொகுப்புக்கு மதிப்புரை எழுதியிருந்தேன். ஒரு கவிதை அடுத்த பக்கத்திலும் தொடர்வதைக் கவனியாமல், பாதியில் முடிந்ததாக எடுத்துக்கொண்டு, அரைகுறைப் படைப்பு என்று தீர்ப்பளித்தேன். அவர் கடிதம் எழுதினார். கோபம் இல்லாத நாலு வரி. பக்க எண் மட்டும் குறித்திருந்தார். நான் பதில் போடவில்லை. அவருக்குப் பின்னால் யாரும் இல்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

வங்கியில் தவறாகப் பதிந்த தொகையை நாங்கள் அழிப்பதில்லை. எதிர்ப்பதிவு போடுகிறோம். தவறும் திருத்தமும் தேதியோடு கணக்கில் நிற்கும். யாருடைய பணம் தவறிப்போனதோ அவருடைய கணக்கில்தான் அதைப் போடவேண்டும். மேலதிகாரியிடம் வருத்தம் தெரிவித்தால் கணக்கு நேராகாது.

அந்தக் கவிதை அடுத்த பக்கத்தில் முடிகிறது. முழுமையான கவிதை. நான்தான் பாதியில் நிறுத்திவிட்டேன்.