மச்சின்மேற் பணியும் வினைப்பொறுப்பும்

ஆஸ்திரேலிய அரசாங்கத்தார், 2008-ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியால் தொழிலிழப்பார்க்கு வேலை நல்கவும், இல்லங்களின் வெம்மையைத் தணிக்கவும், 2009-இல் ஒரு திட்டம் வகுத்தனர். கூரைக்கும் அதன்கீழுள்ள மச்சுக்கும் இடையே வெப்பந் தடுக்கும் இழைமெத்தையும் உலோகத் தகடும் பரப்புதலே அது. பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட மனைகளில் அவை பரப்பப்பட்டன.

ஆங்கு நிமிர்ந்து நிற்றல் அரிது; விட்டங்களின்மேல் தவழ்ந்தே செல்லல் வேண்டும்; கால் தவறின் மெல்லிய மச்சு உடையும். கண்ணாடியிழைத் துகள் மெய்யெல்லாம் தினவெழுப்பும். கோடையில், மனையுட் புகாமல் தடுக்க வேண்டிய வெப்பமெல்லாம், தடுக்க வந்தவன் மேனியிலேயே இறங்கும். அப்பணி புகுந்தாருள் நால்வர் 2010 பெப்ருவரிக்குள் மாண்டனர்: மூவர் மின்சாரம் தாக்கியும், ஒருவர் வெப்பந் தாங்காதும். மூத்தவர்க்கு வயது 25; இளையவர்க்கு 16.

'அஃது அவர்தம் ஊழ்' என்பாரும் உளர். ஊழை யாம் மறுக்கின்றிலம். ஆயின், தனக்குற்ற துன்பத்தைத் தன் வினைப்பயனென்று பொறுத்தல் அறிவு. தான் பிறர்க்கு விளைத்ததனை அவர் வினையென்று கூறிக் கைகழுவுதல் கள்ளம். நியூஸிலாந்தில் 2007-இலேயே இத்தகைய தகட்டுப் பணியில் மூவர் மின்சாரத்தால் இறந்திருந்தனர். முன்னரே அறியத்தக்க தீங்கைத் தற்செயலென்றல் எங்ஙனம்?

ஏவினார் ஒருவர், ஒப்பந்தங் கொண்டார் ஒருவர், ஏறினார் ஒருவராயின், வினை பங்கிடப்பட்டு மெலியுமோ எனின், மெலியாது. திட்டம் செவ்விதின் வகுக்கப்பட்டு நடந்திருப்பின் அவ்விறப்புக்கள் நேர்ந்திரா என்றே 2014-இல் அரச விசாரணைக் குழுவும் முடிபு கூறிற்று.

கீழே குளிர்ந்து உறங்கும் மனைக்குரியவர்க்கும் பங்குண்டோ? எமக்கு அரிதாகத் தோன்றும் வினா இதுவே. அறியாதவழி இல்லை. நண்பகலில் ஓர் இளைஞன் கூரையுட் புகக் கண்டும், 'நாளை விடியலில் வா, அப்பா' என்று சொல்லாதவர்க்கு உண்டென்றே கருதுகின்றோம்.