தீரா நோவும் உயிரின் சார்பும்

உடல்நோவு இருவகைத்து. சின்னாளில் மருந்தால் நீங்குவது ஒன்று. மருத்துவர் தம் கடமையை முற்றச் செய்தும் மூன்று திங்களுக்கு மேலும் நீங்காது நிற்பது மற்றொன்று. பின்னதனால் வருந்துவாரை நோக்கி, 'நோவை நினையாதீர். நல்லனவற்றையே நினைமின்' எனப் பலரும் கூறுகின்றனர். இவ்வறிவுரை சித்தாந்தத்துக்கு ஒக்குமோ என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

நோவை நினையாதே என்ற அளவிலே நோவு நினைவின்கண் வந்து நிற்கும். முழங்கால் வாதத்தோடு பல்லாண்டு பழகினோமாதலின் நாம் இதனை அறிவோம். 'வலி இல்லை' என்று எத்துணை முறை மனத்துக்கு உரைத்தோமோ, அத்துணை முறையும் மனம் முழங்காலையே சென்று பற்றியது. இதற்குக் காரணம் உயிரின் இயல்பே. உயிர் தனித்து நிற்பதன்று. ஒன்றைச் சார்ந்து அதன் வண்ணமாய் நிற்பது. ஆகலின், ஒரு சார்பை விடுக என்பார் பிறிதொரு சார்பைக் காட்டல் வேண்டும்.

ஐம்பொறிகள் உயிரான் அறிவனவன்றித் தாமாக அறியா என்பது சிவஞானபோதத்து ஐந்தாஞ் சூத்திரத்தாற் பெறப்படும். ஆகவே, புண்பட்டது உடலாயினும் நோவை நுகர்வது உயிரே. கருத்துச் சென்றவிடத்து நுகர்ச்சியும் மிகும். தற்கால மருத்துவ நூலாரும் இதனை அணுகி வருகின்றனர். மெல்சாக், வால் என்னும் இருவர் 1965-ஆம் ஆண்டில் வெளியிட்ட கொள்கையின்படி, நோவுணர்ச்சி மூளைக்குச் செல்லும் வழியில், முதுகுத்தண்டின்கண் ஒரு வாயில் போல்வது உண்டு. மூளையினின்று இறங்கும் ஏவலும் அதனைத் திறக்கவும் அடைக்கவும் வல்லது. அக்கொள்கையின் நுட்பங்கள் பின்னர்த் திருத்தமுற்றன. அச்சமும் கருத்தும் நோவின் அளவை மாற்றும் என்னும் துணிபோ நிலைபெற்றது. ஆயின், கருத்தை மாற்றினார்க்கெல்லாம் நோவு அறவே நீங்கும் என்பது இதனாற் பெறப்படாது.

அற்றேல், திருநாவுக்கரசர்க்குத் திருவதிகையிற் சூலை நீங்கியதே எனின், அது திருவருட்செயல். நம் முயற்சிக்கு அளவுகோலாகக் கொள்ளற்பாலதன்று. பாடினார்க்கெல்லாம் நோய் நீங்கல் வேண்டுமெனின், நீங்காதார் அன்பிலார் என்று முடியும். அது பெரும்பழி. நோவால் துடிப்பாரிடம் 'உம் வினை' என்பதும், 'உம் நினைவு போதாது' என்பதும் ஒருதன்மைய. இரண்டும் வெந்த புண்ணில் வேல் நுழைப்பன. பிராரத்தம் நுகர்ந்தே கழியும் என்பது தன் நோவைப் பொறுத்தற்குக் கொள்ளும் உண்மை. பிறர் நோவைக் கண்டு வாளாவிருத்தற்குக் கூறும் சாக்கு அன்று. மருந்தும் மருத்துவனும் திருவருள் கூட்டும் துணைகளேயாம்.

இனி, நோவு தணியும்பொருட்டு இறைவனை நினைத்தல் பயன் கருதிய அன்பாகாதோ எனின், ஆகும். ஆயினும், அரசரை ஆட்கொள்ளுதற்கு வாயிலாயது அச்சூலையே அன்றோ? பயன் கருதிப் புகுந்தாரையும் நாளடைவிற் பயன் கருதாராக்குதல் அத்திருவருளின் இயல்பென்க.

அஞ்செழுத்தைக் கணித்திருந்த பொழுது நம் முழங்கால் நோவு ஒழிந்ததென்று நாம் சொல்லோம். எழுந்தபொழுது அது முன்போலவே நொந்தது. ஆயின், இருந்த அந்நாழிகை முழங்காலுக்கு உரியதாகாது, தலைவனுக்கு உரியதாயிற்று. நோவு நின்றது, அதன் தலைமை நீங்கிற்று. தீரா நோவினார்க்கு இப்பேறு சிறிதன்று.