அபராதம் ஆற்றைக் கழுவுமா?

பாலாறு! பெயரில் பால் இருக்கிறது. ஆற்றில்?

கர்நாடகத்து நந்தி மலைப்பகுதியில் பிறந்து, வேலூரைத் தொட்டு, செங்கல்பட்டைக் கடந்து, கல்பாக்கத்துக்கு அருகே வயலூரில் கடலைச் சேரும் அந்த ஆற்றில், ஆண்டின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரிவது மணல்தான். அந்த மணலுக்கடியில் ஊறும் நீரே நம் செங்கல்பட்டு வட்டாரத்து ஊர்கள் பலவற்றின் தாகம் தீர்க்கிறது. மறைமலைநகரில் நம் மாணவர்களை ஆறுகளின் பெயர்களை ஒப்புவிக்கச் சொல்கிறோம், பிழையின்றிச் சொல்கிறார்கள். மேட்டில் அந்த ஆற்றுக்கு நேர்ந்த பிழையை மட்டும் நாம் சொல்லிக்கொடுப்பதில்லை!

வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை: தோல் பதனிடும் தொழிலால் பெயர்பெற்ற ஊர்கள் இவை. பச்சைத்தோல் அழுகாதிருக்க உப்பு, பதனிடக் குரோமியம். இரண்டும் கழிவுநீரோடு வெளியேறின, மண்ணில் இறங்கின, கிணற்றில் கலந்தன. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழ்பட்டதென வேளாண் பல்கலைக்கழக ஆய்வு கண்டது. அந்தக் கணக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே ஏறியது.

இங்கேதான் சிந்திக்க வேண்டிய கேள்வி எழுகிறது. செய்த தீமைக்குக் காசு கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடுமா?

தீர்ந்துவிடும் என்றுதான் நமக்கு நெடுங்காலமாகச் சொல்லிவைத்திருக்கிறார்கள். பாவமா? பரிகாரம் இருக்கிறது! தட்டில் தட்சணை, உண்டியலில் காணிக்கை, ஆற்றில் ஒரு முழுக்கு. பாவம் போயிற்று, மறுநாள் மீண்டும் செய்யலாம். பாவம் தீர்க்கும் என்று நம்பிய கங்கைக்கே, 1986 இல் அரசு செயல்திட்டம் தீட்ட நேர்ந்தது. 2014 இல் ‘நமாமி கங்கே’ வந்தது. 20,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். ‘கங்கையே, வணங்குகிறேன்’ என்பது அப்பெயரின் பொருள். ஆறு கேட்பது வணக்கமா, வாய்க்காலை மறிக்கும் துணிவா?

வடக்கைப் பார்த்து நகைத்துவிட்டு நாம் நிம்மதியாக உறங்க முடியாது. பரிகார புத்தி ஆலையின் கணக்கேட்டிலும் நுழைந்திருக்கிறது. அங்கே அதன் பெயர் அபராதம்! 1996 ஆகஸ்ட் 28 இல் உச்ச நீதிமன்றம் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அன்றைய செங்கை மாவட்டத்து ஆலைகளும் அதில் அடக்கம். ஆனால் அத்தீர்ப்பின் உயிர் அந்தத் தொகையில் இல்லை. ‘மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தருவதோடு கெடுத்த சூழலை மீட்கும் செலவும் அவருடையதே’ என்ற நெறியில் இருக்கிறது. 28 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 2025 ஜனவரி 30 இல், அதே பாலாற்றுக்காக, அதே நீதிமன்றம், அதே நெறியை மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது! ஒருமுறை சொன்னது உறைக்கவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

“ஆலையை மூடினால் தொழிலாளி பட்டினி கிடப்பானே?” என்பார்கள். நியாயமான கவலை. ஆனால் அதைச் சொல்பவர் யார் என்று பாருங்கள். சுண்ணாம்புத் தொட்டியிலும் இரசாயன நீரிலும் நிற்பவன் அந்தத் தொழிலாளி. நஞ்சு முதலில் தொடுவது அவன் தோலைத்தான். அவன் வயிற்றைக் காட்டி முதலாளியின் இலாபத்தைக் காப்பது கருணை ஆகாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன, பயன் உண்டு. ஆயினும் கரைந்த உப்பு சாதாரணச் சுத்திகரிப்புக்கு அடங்காது. அதைப் பிரிக்கச் செலவு மிகும். அந்தச் செலவு காலணியின் விலையில் ஏற வேண்டும். கடைமடை உழவனின் கிணற்றில் இறங்கக் கூடாது.

காலணி என்றதும் நாம் நம் கால்களைப் பார்க்க வேண்டியவர்களாகிறோம். நாம் விடும் சாக்கடைக்கும் ஒரு பள்ளம் உண்டு. அந்தப் பள்ளத்தில் ஒரு குடிசை உண்டு. மேட்டில் இருப்பவன் கழிவை இறக்க, பள்ளத்தில் இருப்பவன் அதைச் சுமப்பது இந்நாட்டில் புதிதல்ல. சாதி செய்ததும் அதுதானே!

எனவே தோழர்களே, இனி எவரேனும் “அபராதம் கட்டிவிட்டோம்” என்றால், ஒன்றே ஒன்று கேட்போம்: “கிணறு இனித்ததா?” இனிக்கும்வரை கணக்குத் தீரவில்லை.